சிறு ஆர்.என்.ஏ பாக்டீரியாவைக் கொல்வதில்லை: பயிரின் நோய் எதிர்ப்பு பற்றி ஓர் எளிய விளக்கம்

கொரோனா காலத்துக்குப் பிறகு ஆர்.என்.ஏ என்ற சொல் டீக்கடை வரை வந்துவிட்டது. தமிழ்நாட்டில் பெரும்பாலோர் போட்டுக்கொண்ட தடுப்பூசிகள் ஆர்.என்.ஏ வகையே அல்ல என்பது வேறு கதை. சொல் வந்துவிட்டது, அதன் பின்னாலேயே குழப்பமும் வந்துவிட்டது. இப்போது விவசாயத்தைப் பற்றிப் பேசும்போதும் அது அடிபடுகிறது. "நெல்லுக்கு ஆர்.என்.ஏ அடித்தால் பாக்டீரியா செத்துவிடுமாம்" என்கிறார் ஒருவர். "அது மரபணு மாற்றம், நமக்கு வேண்டாம்" என்கிறார் இன்னொருவர். "பயிருக்கும் தடுப்பூசி வந்துவிட்டது" என்று மூன்றாமவர் முடித்துவைக்கிறார்.

மூன்றுமே தவறு. முதல் தவறைச் சரிசெய்தால் மற்ற இரண்டும் தாமாகவே விலகும். இந்தப் பேச்சுகளில் அடிபடுவது சிறு ஆர்.என்.ஏ என்ற வகை. பாக்டீரியாவைப் பொறுத்தவரை அது எதிரிமேல் வீசும் ஆயுதம் அல்ல. பயிர் தன்னைத்தானே அடக்கவும் அவிழ்க்கவும் வைத்திருக்கும் கடிவாளம் அது.

## கல்யாண வீட்டுச் சமையலறை

ஒரு பெரிய கல்யாணச் சமையலை நினைத்துக்கொள்ளுங்கள். தலைமைச் சமையல்காரரிடம் ஒரு தடித்த நோட்டுப் புத்தகம் இருக்கிறது. எல்லாப் பதார்த்தங்களின் செய்முறையும் அதில்தான். அந்த நோட்டு அவருடைய அறையை விட்டு வெளியே வராது. அடுப்படிக்குப் போவது அதிலிருந்து பார்த்தெழுதிய சீட்டுகள் மட்டும்: சாம்பாருக்கு ஒன்று, அவியலுக்கு ஒன்று. அடுப்படியில் நிற்பவர் சீட்டைப் பார்த்துச் சமைக்கிறார்.

செல்லுக்குள் நடப்பதும் ஏறக்குறைய இதுதான். நோட்டுப் புத்தகம் டி.என்.ஏ. அதிலுள்ள ஒவ்வொரு செய்முறையும் ஒரு மரபணு. பார்த்தெழுதிய சீட்டுக்குத் தூது ஆர்.என்.ஏ என்று பெயர். சமைத்து இறக்கும் பதார்த்தம் புரதம். உடம்பில் வேலை செய்வது பெரும்பாலும் புரதங்கள்தான்.

அவியல் போதும், நிறுத்த வேண்டும் என்றால் என்ன செய்வது? நோட்டில் அவியல் பக்கத்தை ஒட்டி மூடலாம். அது நேரம் பிடிக்கும், தவிர ஏற்கெனவே அடுப்படிக்குப் போன சீட்டுகள் அங்கேயே கிடக்கும், அவியல் வெந்துகொண்டே இருக்கும். சீட்டைக் கிழித்துவிடுவது இன்னொரு வழி. சிறு ஆர்.என்.ஏ செய்வது இந்த இரண்டாவது வேலை.

அது மிகச் சிறியது. ஒரு தூது ஆர்.என்.ஏ ஆயிரம் எழுத்துகளுக்கு மேல் நீளக்கூடும், சிறு ஆர்.என்.ஏவில் இருப்பவை 20 முதல் 24 எழுத்துகள்தான். அதில் எந்தச் செய்முறையும் இல்லை, அதை வைத்து எந்தப் புரதமும் சமைக்க முடியாது. இருப்பது ஒரு முகவரி மட்டும்: எந்தச் சீட்டைக் கிழிக்க வேண்டும் என்ற முகவரி.

## இருபத்தொரு எழுத்து போதுமா?

இந்தக் கேள்வி எனக்கும் முதலில் தோன்றியது. இத்தனை ஆயிரம் சீட்டுகளுக்கு நடுவே, இத்தனூண்டு துண்டு சரியான சீட்டை எப்படிக் கண்டுபிடிக்கிறது?

ஆர்.என்.ஏவின் எழுத்துகள் நான்கு: ஏ, யு, ஜி, சி. ஏவுக்கு யு ஜோடி, ஜிக்கு சி ஜோடி. கிழித்த டிக்கெட்டின் ஒரு பாதி தன் மறுபாதியோடு மட்டும் விளிம்புக்கு விளிம்பு பொருந்துவதைப் போல, சிறு ஆர்.என்.ஏ தனக்கு ஜோடியான எழுத்து வரிசையில் போய் ஒட்டிக்கொள்கிறது. நம் அஞ்சல் குறியீட்டில் ஆறு இலக்கங்கள். அவற்றை வைத்து அதிகபட்சம் பத்து லட்சம் இடங்களைப் பிரித்துக் காட்டலாம். நான்கே எழுத்துகளை வைத்து 21 இடங்களை நிரப்பினால் கிடைக்கும் வரிசைகள் 4 லட்சம் கோடிக்கும் மேல். நெல்லின் மொத்த மரபுத்தொகுதியே சுமார் 40 கோடி எழுத்துகள்தான். ஆக, 21 எழுத்து முகவரி தாராளம்.

இந்தத் துண்டு தானாக வந்து விழுவதில்லை. பயிர் முதலில் ஒரு நீளமான ஆர்.என்.ஏவைத் தயாரிக்கிறது. அது கொண்டை ஊசி போல மடங்கிக்கொள்கிறது. டைசர் வகை நொதி ஒன்று அதைச் சரியான அளவில் நறுக்குகிறது. இப்படிக் கொண்டை ஊசியிலிருந்து பிறக்கும் சிறு ஆர்.என்.ஏவுக்கு மைக்ரோ ஆர்.என்.ஏ என்று பெயர். நறுக்கிய துண்டை ஆர்கோநாட் என்ற புரதம் கையில் எடுத்துக்கொள்கிறது. சீட்டுகளைத் துழாவிப் பொருந்துவதைப் பிடித்து வெட்டுவது ஆர்கோநாட்தான், சிறு ஆர்.என்.ஏ அதற்கு வழிகாட்டி. சில சமயம் வெட்டாமல், சமைக்க விடாமல் மறித்து நிற்பதும் உண்டு.

இதுவரை பார்த்தது: மரபணு நோட்டில் இருக்கிறது, தூது ஆர்.என்.ஏ சீட்டாக வெளியே வருகிறது, புரதம் சமைக்கப்படுகிறது. மைக்ரோ ஆர்.என்.ஏ போன்ற சிறு ஆர்.என்.ஏ நோட்டைத் தொடாமல் சீட்டை மட்டும் நிறுத்துகிறது. நோட்டைத் தொடாததால் இதை மரபணு மாற்றம் என்று சொல்ல முடியாது. நேற்று நாம் சாப்பிட்ட சோற்றிலும் இது இருந்தது.

## வெளுத்துப்போன பூக்கள்

இது தெரியவந்த விதம் வேடிக்கையானது. 1990இல் கலிபோர்னியாவில் ரிச்சர்ட் ஜார்கன்சன் குழுவினர் பெட்டூனியாப் பூவின் ஊதா நிறத்தைக் கூட்டிக் காட்ட நினைத்தார்கள். நிறம் தரும் மரபணுவில் கூடுதலாக ஒரு பிரதியைச் செடிக்குள் வைத்தார்கள். நிறம் கூடவில்லை. பல செடிகளில் பூ வெள்ளையாகவோ, பாதி ஊதா பாதி வெள்ளையாகவோ மலர்ந்தது. ஒரே சீட்டு அளவுக்கு மீறி வருவதைக் கண்ட செடி, வந்த சீட்டையும் சேர்த்து, பழைய சீட்டையும் கிழித்துப் போட்டுவிட்டது.

1993இல் விக்டர் ஆம்ப்ரோஸும் கேரி ரவ்கனும் ஒரு சிறு புழுவில் முதல் மைக்ரோ ஆர்.என்.ஏவை விவரித்தார்கள். 1999இல் இங்கிலாந்தின் நாரிச் நகரில் ஆண்ட்ரூ ஹாமில்டனும் டேவிட் பால்கோமும் செடிக்குள் இந்தக் குட்டித் துண்டுகளை நேரடியாகக் கண்டார்கள். நோபல் பரிசு இரண்டு முறை இந்தத் துறைக்கு வந்தது: 2006இலும் 2024இலும். இரண்டு முறையும் புழுவில் வேலை செய்தவர்களுக்கே போனது. பூவில் தொடங்கிய கதைக்குப் பூக்காரர்கள் யாரும் மேடை ஏறவில்லை என்பதில் எனக்குச் சின்ன வருத்தம் உண்டு.

## வைரஸ் வேறு, பாக்டீரியா வேறு

குழப்பத்தின் வேர் இங்கேதான் இருக்கிறது.

வைரஸ் செல்லுக்குள் புகுந்து, நம் அடுப்படியிலேயே தன் சீட்டைக் கொடுத்துச் சமைக்கச் சொல்லும் திருடன். பயிர்களைத் தாக்கும் வைரஸ்கள் பெரும்பாலும் ஆர்.என்.ஏவால் ஆனவை. பயிரின் டைசரும் ஆர்கோநாட்டும் அந்த ஆர்.என்.ஏவையே பிடித்து நறுக்கிவிடும். அங்கே சிறு ஆர்.என்.ஏ உண்மையிலேயே ஆயுதம்தான்.

பயிரைத் தாக்கும் பாக்டீரியாக்களில் பெரும்பாலானவை அப்படி உள்ளே வருவதில்லை. நெல்லில் இலைக்கருகல் நோய் தரும் சாந்தோமோனாஸ் ஒரைசே, இலையின் ஓரத்திலும் நுனியிலும் உள்ள நீர்த்துளைகள் வழியாக நுழைந்து, நீர் ஓடும் குழாய்களில் குடியேறுகிறது. அதனால்தான் கருகல் ஓரத்திலிருந்து தொடங்கி உள்நோக்கிப் பரவுகிறது. தக்காளியில் புள்ளி நோய் தரும் சூடோமோனாஸ் சிரிஞ்சே, செல்களுக்கு இடையே உள்ள இடுக்குகளில் தங்குகிறது. இரண்டுமே செல்லுக்கு வெளியே, தம் சொந்தச் சுவருக்குள், சொந்த அடுப்படியில் சமைத்துக்கொள்பவை. டைசரும் ஆர்கோநாட்டும் சேர்ந்து சீட்டைக் கிழிக்கும் நம் ஏற்பாடு அங்கே இல்லை.

ஆகவே வைரஸுக்கும் பூச்சிக்கும் வேலை செய்வதை அப்படியே பாக்டீரியாவுக்குப் பொருத்திப் பேசக்கூடாது. அமெரிக்காவில் உருளைக்கிழங்கு வண்டுக்கு எதிராகத் தெளிக்கும் லெட்ப்ரோனா என்ற ஆர்.என்.ஏ மருந்துக்கு 2023 இறுதியில் அனுமதி கிடைத்தது உண்மை. வண்டு அதைத் தின்கிறது, வண்டின் செல்லில் உள்ள டைசர் அதை நறுக்குகிறது, வண்டுக்கு வேண்டிய ஒரு புரதம் நின்றுபோகிறது. பாக்டீரியாவிடம் இந்த வரிசையில் இரண்டாவது படியே இல்லை. பயிரின் சிறு ஆர்.என்.ஏ பாக்டீரியாவுக்குள்ளும் போய்ச் சேர்கிறது என்று சில ஆய்வகங்கள் சொல்லத் தொடங்கியிருக்கின்றன; அதை வைத்து வயலுக்கு யோசனை சொல்லும் காலம் இன்னும் வரவில்லை.

பிறகு சிறு ஆர்.என்.ஏவுக்கு இங்கே என்ன வேலை? பயிர் தன் சொந்தச் சீட்டுகளைக் கிழிக்கிறது. தன் சீட்டைத் தானே கிழித்து எதிரியை எப்படித் தடுப்பது? இதுவரை நன்றாகத் தெரிந்த இரண்டு வழிகளைப் பார்ப்போம்.

## வழி ஒன்று: வளர்ச்சியை நிறுத்தி வை

சூடோமோனாஸுக்கு நீந்த வால் போன்ற ஓர் இழை உண்டு. அந்த இழை ஃப்ளாஜெலின் என்ற புரதத்தால் ஆனது. செல்லின் வெளிப்பரப்பில் காவலுக்கு நிற்கும் ஏற்பிகள் அதன் ஒரு சிறு பகுதியைத் தொட்டுப் பார்த்தே "வந்துவிட்டான்" என்று தெரிந்துகொள்கின்றன. திருடனின் செருப்புச் சத்தத்தை வைத்து ஆளை அடையாளம் காண்பது மாதிரி.

2006இல் லியோனல் நவாரோவும் ஒலிவியே வோவானேயும் அவர்கள் குழுவினரும் அராபிடாப்சிஸ் என்ற சோதனைச் செடியில் கவனித்தது இது: ஃப்ளாஜெலின் துண்டு பட்டதும் மைக்ரோ ஆர்.என்.ஏ 393 என்ற துண்டின் அளவு ஏறுகிறது. அது கிழிக்கும் சீட்டுகள் பாக்டீரியாவோடு நேரடித் தொடர்பில்லாதவை, ஆக்சின் ஏற்பிகளுக்கானவை. ஆக்சின் என்பது பயிரை வளரச் சொல்லும் ஹார்மோன். ஏற்பி என்பது அந்தச் சொல்லைக் கேட்கும் காது. செடி ஆக்சினை நிறுத்தவில்லை, தன் காதைப் பொத்திக்கொள்கிறது.

கல்யாணப் பந்தலில் திடீரென்று மழை பிடித்துக்கொண்டால் வடை சுடுகிறவரையும் இழுத்து வந்து தார்ப்பாயின் ஒரு மூலையைப் பிடிக்கச் சொல்வோம் அல்லவா, அப்படி. வளர்ச்சிக்குப் போகும் ஆளும் பொருளும் தற்காப்புக்குத் திரும்புகின்றன. இன்னொரு காரணமும் உண்டு. ஆக்சினின் குரல் ஓங்கினால், தற்காப்பைத் தூண்டும் சாலிசிலிக் அமிலத்தின் குரல் அமுங்கும். பல பாக்டீரியாக்கள் இதைத் தெரிந்து வைத்திருப்பதுபோல, செடியில் ஆக்சினைக் கூட்டிவிடப் பார்க்கின்றன. காதைப் பொத்திய செடியிடம் அந்தத் தந்திரம் பலிக்காது. இந்த மைக்ரோ ஆர்.என்.ஏவைக் கூடுதலாகத் தயாரிக்கவைத்த செடிகளில் பாக்டீரியா குறைவாகவே பெருகியது.

பாக்டீரியா சும்மா இருக்குமா? ஊசி போன்ற ஒரு கருவியால் தன் புரதங்களைச் செடியின் செல்லுக்குள் செலுத்துவது அதன் வழக்கம். இப்படிச் செலுத்தப்படும் புரதங்களைச் செயலிப் புரதங்கள் என்று வைத்துக்கொள்வோம். அவற்றில் சில, சிறு ஆர்.என்.ஏ தயாராகும் பாதையையே மறிக்கின்றன என்று அதே குழு 2008இல் காட்டியது. சீட்டைக் கிழிக்கிறவனையே கட்டிப்போடுகிறான் திருடன். சிறு ஆர்.என்.ஏ பயிருக்கு முக்கியம் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியவில்லை. முக்கியமில்லாத ஒன்றை எதிரி மெனக்கெட்டு உடைக்க மாட்டான்.

சுருக்கமாக: செடி எதிரியைத் தொட்டுணர்கிறது, ஒரு மைக்ரோ ஆர்.என்.ஏவை ஏற்றுகிறது, அது வளர்ச்சியின் காதைப் பொத்துகிறது, தற்காப்பு மேலே வருகிறது. இங்கே சிறு ஆர்.என்.ஏ கூடுவது நன்மை.

## வழி இரண்டு: கட்டிப்போட்ட நாய்

அடுத்த வழியில் கணக்கு தலைகீழாகிறது. இங்கே சிறு ஆர்.என்.ஏ குறைவதுதான் நன்மை.

பயிர்களுக்கு எதிர்ப்பு மரபணுக்கள் என்று ஒரு பெரிய கூட்டம் உண்டு. செல்லுக்குள் நுழைந்த செயலிப் புரதத்தை மோப்பம் பிடித்து, பெரிய அளவில் தற்காப்பை எழுப்பும் காவல்காரப் புரதங்களை அவை தருகின்றன. தேவைப்பட்டால் நோய் புகுந்த செல்லையே சாகடித்து, பரவலை நிறுத்தும் அளவுக்கு மூர்க்கமானவை. தக்காளியில் இப்படிச் சில நூறு இருக்கின்றன.

மூர்க்கமான நாயை வளர்ப்பவருக்குத் தெரியும்: பகலில் அவிழ்த்துவிட்டால் பால்காரரையும் கடிக்கும், தபால்காரரையும் கடிக்கும். எதிர்ப்புப் புரதங்கள் வேலையில்லாத நேரத்திலும் அதிகமாக இருந்தால் செடி தன்னைத்தானே கடித்துக்கொள்ளும்; குட்டையாகிவிடும், இலை காய்ந்துபோகும். அதனால் சங்கிலி வேண்டும்.

அந்தச் சங்கிலிகளில் ஒன்று மைக்ரோ ஆர்.என்.ஏ 482. 2012இல் டேவிட் பால்கோமின் கேம்பிரிட்ஜ் ஆய்வகத்திலிருந்து வந்த கட்டுரை இதைத் தக்காளிக் குடும்பத்தில் விவரித்தது. அதன் முதல் ஆசிரியர் பி. வி. சிவபிரசாத், பின்னர் பெங்களூருவின் தேசிய உயிரியல் அறிவியல் மையத்தில் தன் ஆய்வுக் குழுவை அமைத்தார். பல எதிர்ப்பு மரபணுக்களிலும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும் ஒரு பகுதியை இந்த மைக்ரோ ஆர்.என்.ஏ குறிவைக்கிறது. ஒரே சங்கிலியில் பல நாய்களைக் கட்டிவிடலாம். ஒவ்வொன்றுக்கும் தனித்தனிச் சங்கிலி செய்ய வேண்டியதில்லை.

இந்த ஏற்பாட்டின் அழகு, திருடன் உள்ளே வரும்போது தெரிகிறது. பாக்டீரியா சிறு ஆர்.என்.ஏ பாதையை உடைக்கும் என்று மேலே பார்த்தோம்; வைரஸும் அதைச் செய்யும். அந்தப் பாதை உடைந்தால் மைக்ரோ ஆர்.என்.ஏ 482உம் குறையும். சங்கிலி தளரும். எதிர்ப்புச் சீட்டுகள் பெருகும். ஒரு தற்காப்பை உடைத்த கையே இன்னொன்றை அவிழ்த்துவிடுகிறது. இப்படியொரு பொறியைச் செடி எண்ணிப் பார்த்து வைத்திருக்காது. பல கோடி ஆண்டுகள் அடிபட்டதில் வந்த அமைப்பு இது. இருந்தாலும் படித்த அன்று கொஞ்ச நேரம் வாயடைத்துத்தான் போனேன்.

எல்லாச் சிறு ஆர்.என்.ஏக்களும் இந்த இரண்டில் ஒன்றில் அடங்கிவிடும் என்று நினைக்க வேண்டாம். 2016இல் ஹைலிங் ஜின் குழு விவரித்த மைக்ரோ ஆர்.என்.ஏ 863, தொற்றின் தொடக்கத்தில் தற்காப்பைத் தடுக்கும் புரதங்களின் சீட்டுகளைக் கிழித்து வழிவிடுகிறது. பிறகு அதன் அளவு மிகும்போது, தான் உருவாகத் துணைசெய்யும் ஒரு புரதத்தையே நிறுத்தி, தானும் அடங்கிவிடுகிறது. எழுப்பவும் தெரியும், தூங்கவைக்கவும் தெரியும். "சிறு ஆர்.என்.ஏ நல்லதா கெட்டதா" என்று கேட்டால் விடை கிடைக்காது. எந்தச் சிறு ஆர்.என்.ஏ, எந்தச் சீட்டு, எந்த நேரம் என்று கேட்க வேண்டும்.

## துப்புக் கொடுத்த ஆரஞ்சு மரம்

சிறு ஆர்.என்.ஏவை மாற்றாமல், வெறுமனே அளந்து பார்த்ததிலேயே பலன் கிடைத்த ஒரு கதையும் உண்டு. அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் ஆரஞ்சுத் தோட்டங்களைச் சிட்ரஸ் பசுமை நோய் சூறையாடியது. பட்டையில் சர்க்கரை ஓடும் குழாய்களில் தங்கும் பாக்டீரியாவால் வருவது அது. நோயுற்ற மரங்களின் சிறு ஆர்.என்.ஏக்களைக் கணக்கெடுத்தபோது, மைக்ரோ ஆர்.என்.ஏ 399 உயர்ந்திருந்தது. அது சாதாரணமாகப் பாஸ்பரஸ் பற்றாக்குறையின்போது எழும் துண்டு. அளந்து பார்த்தால் நோயுற்ற மரங்களில் உண்மையாகவே பாஸ்பரஸ் குறைந்திருந்தது. பாஸ்பரஸ் கரைசலை இலைவழி கொடுத்து மூன்று ஆண்டுகள் தோட்டத்தில் சோதித்ததில் நோய்க்குறி தணிந்தது, காய்ப்பும் கூடியது. 2013இல் வெளியான ஆய்வு இது. நோய் குணமாகவில்லை, மரத்துக்கு எங்கே வலிக்கிறது என்று மட்டும் தெரிந்தது. தோட்டக்காரருக்கு அதுவும் பெரிய விஷயம்.

## நெல் வயலில் இன்றைய நிலை

இலைக்கருகலுக்கு எதிராக இன்று வயலில் நிற்பவை எதிர்ப்பு மரபணுக்கள். நம்மூரில் ஆந்திரா பொன்னி என்று அழைக்கப்படும் பி.பி.டி. 5204 இந்த நோய்க்கு எளிதில் பலியாகும். அதில் மூன்று எதிர்ப்பு மரபணுக்களை, வெறும் ஒட்டுச்சேர்க்கையால் கொண்டுவந்து உருவாக்கிய மேம்படுத்தப்பட்ட சம்பா மசூரி ரகத்தை ஹைதராபாத் நிறுவனங்கள் 2008இல் வெளியிட்டன. அதை உருவாக்கியவர்கள் சிறு ஆர்.என்.ஏவைக் குறிவைக்கவில்லை. எதிர்ப்பு ரகம் என்று கேட்டதும் ஆர்.என்.ஏ ரகம் என்று புரிந்துகொள்பவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

சிறு ஆர்.என்.ஏ வழியாக நெல்லில் நடந்த முயற்சிகளில் எனக்குப் பிடித்தது, சீன விஞ்ஞானிகள் 2019இல் வெளியிட்டது. நெல்லில் மைக்ரோ ஆர்.என்.ஏ 156 என்ற துண்டு, கதிரின் அளவையும் தூர்களின் எண்ணிக்கையையும் ஆளும் ஒரு மரபணுவை அடக்கி வைக்கிறது. அடக்குமுறையைத் தளர்த்தினால் இலைக்கருகலுக்கு எதிர்ப்பு கூடுகிறது. ஆனால் ஒரேயடியாகத் தளர்த்தினால் தூர் குறைந்து மகசூலில் கைவைக்கிறது. நாயை நாள் முழுக்க அவிழ்த்துவிட்ட கதைதான். அவர்கள் செய்தது என்னவென்றால், பாக்டீரியா வந்தால் மட்டும் முழுவேகம் எடுக்கும் ஒரு விசையை அந்த மரபணுவுக்குப் பொருத்தினார்கள். அமைதிக் காலத்தில் அது இலேசாகக் கசிந்து கதிரைப் பெருக்கியது. தொற்று வந்ததும் பொங்கி எதிர்ப்பைத் தந்தது. இந்த விசையைப் பொருத்தியது மரபணு மாற்றம்தான். இங்கே அந்தச் சொல் பொருந்தும். நம் விதைக்கடையில் அது கிடைக்காது.

அதுவரை, ஐப்பசி மழைக்குப் பிறகு சம்பாப் பயிரில் இலை ஓரம் வைக்கோல் நிறத்துக்கு மாறினால், தழைச்சத்துப் பற்றாக்குறை என்று நினைத்து யூரியாவை அள்ளிப் போடாதீர்கள். இலைக்கருகலாக இருந்தால் யூரியா அதற்குத்தான் விருந்து. கருகலும் பச்சையும் சேரும் இடத்தில் இலையை ஒரு துண்டு வெட்டி, கண்ணாடி டம்ளரில் தெளிந்த தண்ணீர் ஊற்றி, அதில் வெட்டுமுனை நனையும்படி சில நிமிடம் பிடித்துப் பாருங்கள். நோய் பாக்டீரியாவால் வந்தது என்றால், வெட்டுவாயிலிருந்து பால் கலங்கியது போல ஒரு மெல்லிய கலங்கல் தண்ணீரில் இறங்கும்.